கொல்லைப் பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டலாமா? செலவுக்குத் தகுந்த பயன் கிடைக்குமா?

குடமுருட்டிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பாபநாசத்துக்கு அருகில் உள்ள எங்கள் வீட்டின் சமையலறையைக் கொல்லைப் பக்கமாக நீட்டிக் கட்டலாமா என்று மூன்று மாதமாக வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். இன்னும் ஒரு முடிவுக்கு வரமுடியவில்லை. கட்டி அனுபவித்தவர்களும் கட்டாமலே சமாளித்தவர்களும் இங்கே இருப்பார்கள் என்பதால், விவரத்தை முழுவதுமாக எழுதிக் கேட்கிறேன்.

வீடு 1981-இல் அப்பா கிரயத்துக்கு வாங்கியது. இருபுறமும் அண்டை வீட்டாரோடு பொதுச்சுவர். திண்ணை, ரேழி, கூடம், சமையலறை, பின்தாழ்வாரம், கொல்லை என்று நேர்கோட்டில் போகும் பழைய அமைப்பு. கூடம் வரைக்கும் 1998-இல் கான்கிரீட் தளம் போட்டுவிட்டோம். சமையலறையும் தாழ்வாரமும் இன்றும் ஓட்டுக்கூரைதான். சமையலறையின் உள்ளளவு 8 அடிக்கு 9 அடி. அதில் மேடை, தொட்டி, இரண்டு சிலிண்டர், அரிசி டிரம் இரண்டு, பாத்திர அலமாரி போக, ஒருவர் நின்று திரும்பும் இடம்தான் மிச்சம். குளிர்சாதனப் பெட்டி கூடத்தில் இருக்கிறது. கிரைண்டர் தாழ்வாரத்துத் தரையில் இருப்பதால், மாவு அரைக்கும் நாளில் என் மனைவி குனிந்தே நிற்க வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு வயது 70, மூட்டுவலி உண்டு. தாழ்வாரத்துக்கு இறங்கும் 7 அங்குலப் படியில் மழைக்காலத்தில் இரண்டு முறை வழுக்கி விழப் பார்த்தார்கள்.

மேஸ்திரி சொல்லும் திட்டம் இதுதான்: தாழ்வாரத்தை இடித்துவிட்டு, 10 அடிக்கு 12 அடியில், அதாவது 120 சதுர அடியில், கான்கிரீட் தளத்தோடு புதுச் சமையலறை. கட்டுமானத்துக்குச் சதுர அடி 2,400 ரூபாய் வீதம் 2,88,000 ரூபாய். கிரானைட் மேடை, கடப்பாக்கல் தட்டுகள், குழாய், மின்வேலை, கதவு சன்னல் எல்லாம் சேர்த்து இன்னும் 1,22,000 ரூபாய். ஆக 4,10,000 ரூபாய். கையில் வைப்புநிதியாக 2 லட்சம் இருக்கிறது. மீதிக்குக் கடன் வாங்கவேண்டும். வீட்டை விற்கும் எண்ணம் இல்லை. மகன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான். அவன் ஊருக்குத் திரும்புவானா என்பது தெரியாது. இவ்வளவு செலவு தகுமா?


ஓய்வுபெற்ற வங்கியாளர், கும்பகோணம்

ஐயா, முதலில் பணக் கணக்கைத் தனியாக வைத்துப் பார்த்துவிடுவோம். 2,10,000 ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் ஐந்து ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 4,360 ரூபாய் வரும். வட்டி மட்டும் 51,500 ரூபாய் சுமாருக்குப் போகும். வைப்புநிதி 7 விழுக்காடு தருவதாக வைத்துக்கொண்டால், 2 லட்சத்தை எடுப்பதால் ஆண்டுக்கு 14,000 ரூபாய் வரவும் நின்றுவிடும். பத்து ஆண்டுப் பயன்பாட்டுக்கு இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் 6 லட்சம் ரூபாயை ஒட்டி வருகிறது. நாளொன்றுக்கு 165 ரூபாய். தினமும் 165 ரூபாய் கொடுத்து இந்த வசதியை வாங்குவீர்களா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொண்டால், பதில் கொஞ்சம் தெளிவாகும்.

பின்னால் வீட்டை விற்கும்போது இந்தச் செலவு திரும்பி வரும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். நம் பக்கத்துச் சிற்றூர்களில் பழைய வீட்டை வாங்க வருபவர் மனையின் அளவையும் தெருவையும் பார்த்துத்தான் விலை பேசுகிறார். பல நேரம் கட்டடத்தை இடித்துவிட்டுக் கட்டும் எண்ணத்தோடுதான் வருகிறார். ஆனாலும் சிமெண்ட், கம்பி, கூலி எல்லாவற்றுக்கும் ரசீது வாங்கி ஒரு கோப்பில் வையுங்கள். என்றைக்காவது விற்க நேர்ந்தால், மேம்பாட்டுச் செலவு என்று காட்டி மூலதன ஆதாயத்திலிருந்து, அதாவது விற்றதில் கிடைக்கும் லாபத்திலிருந்து, அதைக் கழிக்கமுடியும். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்துக்கு, வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டின்படி உயர்த்திக் கணக்கிட்டு 20 விழுக்காடு வரி, அப்படி உயர்த்தாமல் 12.5 விழுக்காடு வரி என்ற இரண்டில் எது குறைவோ அதைத் தேர்ந்துகொள்ள வழி உண்டு. இரண்டு வழியிலும் ரசீது உதவும்.

இன்னொரு கேள்வியையும் கேட்டுவிடுகிறேன், தவறாக எண்ணவேண்டாம். வீடு இப்போது யார் பெயரில் இருக்கிறது?


திருவாரூர்க் கட்டுநர்

நான் கட்டுமானப் பொறியாளன். முப்பது ஆண்டாக இந்த மாவட்டங்களில்தான் வேலை. டெல்டாவில் பழைய வீட்டோடு புது அறையை ஒட்டிக் கட்டும்போது பணம் வீணாகும் இடங்கள் இரண்டு. ஒன்று, பழையதும் புதியதும் சேரும் சுவர்க்கோடு. மற்றொன்று, பழைய ஓட்டுக்கூரை புதுத் தளத்தைத் தொடும் இடம். மேஸ்திரியின் மதிப்பீட்டில் இவை இரண்டும் பெரும்பாலும் இருக்காது.

முதலாவதை விளக்குகிறேன். உங்கள் பழைய சுவர் சுண்ணாம்புக் கலவையிலோ களிமண் கலவையிலோ எழுப்பப்பட்டு, பல பத்தாண்டுகளாக மண்ணை அமுக்கித் தன் இடத்தில் நிலைத்துவிட்டது. புது அறை இனிமேல்தான் அமுங்கவேண்டும். 5 அங்குலத் தளம் ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 29 கிலோ எடை வரும். 120 சதுர அடிக்கு மூன்றரை டன். சுவர், மேடை, அலமாரி எடை தனி. அந்த எடையில் புதுப்பகுதி அரை அங்குலம் இறங்கினாலும், பழைய சுவரோடு பல்வைத்துச் சேர்த்துக் கட்டியிருந்தால், சேரும் இடம் மேலிருந்து கீழ்வரை வெடிக்கும். பூசி மறைத்தாலும் அடுத்த ஆண்டு அதே கோட்டில் வெடிப்பு மறுபடி தெரியும். எனவே புது அறைக்குத் தனியாக நான்கு பில்லர் நிறுத்தி, பழைய சுவருக்கும் புதுச் சுவருக்கும் இடையில் ஓரங்குலம் இடைவெளி விட்டு, அதில் நெகிழும் பொருளை நிரப்பி, மேலே தகடு வைத்து மூடவேண்டும். இரண்டு பகுதியும் தனித்தனியாக அசையட்டும் என்று விட்டுவிடுவதுதான் வழி.

மண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்தில் கடுங்களிமண் அதிகம். பாபநாசம் பக்கத்தில் ஆற்று வண்டல் கலந்திருக்கும். ஆனாலும் தெருவுக்குத் தெரு மாறும். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடும் காலம் முழுவதும் வாய்க்காலில் நீர் ஓடுகிறது, நிலத்தடி நீர் ஏறுகிறது, களிமண் உப்புகிறது. கோடையில் அதே மண் சுருங்கி வெடிக்கிறது. வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டும்போது, கோடை வெடிப்பு இறங்கும் ஆழத்துக்கும் கீழே போயாகவேண்டும். பழைய சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்தில் ஒரு சோதனைக் குழி தோண்டிப் பாருங்கள். அந்தச் சுவரின் கடைக்கால் (அஸ்திவாரம்) எவ்வளவு ஆழம் என்பது தெரிந்துவிடும். புது வானம் அதைவிட ஆழமாகப் போனால், பழைய கடைக்காலுக்குக் கீழேயுள்ள மண் சரிந்துவிடாதபடி தள்ளித் தோண்டவேண்டும். ஆளுக்கும் ஆபத்து, சுவருக்கும் ஆபத்து.

இரண்டாவது, மழை. உங்கள் சமையலறை ஓடு கொல்லைப் பக்கமாகத்தானே சரிகிறது? இன்று அந்த நீர் தாழ்வாரத்து ஓட்டில் வழிந்து கொல்லையில் விழுகிறது. தாழ்வாரத்தை இடித்துச் சமதளக் கான்கிரீட் போட்டால், பழைய கூரையின் நீர் முழுவதும் புதுத் தளத்தின் தலையில் வந்து விழும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஒரே இரவில் கொட்டும் மழையில், சேரும் இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சந்து இருந்தால் போதும், சமையல் மேடைமேல் நீர் சொட்டும். அங்கே அகலமான தகரத் தூம்பு ஒன்றை முழு நீளத்துக்கும் வைத்து, ஒரு பக்கமாக இறக்கம் கொடுத்து, குழாய் வழியாகக் கீழே இறக்கவேண்டும். என்னிடம் ஒழுகலைச் சரிசெய்யக் கேட்டு வருபவர்களில் பாதிப்பேர் இந்த ஒரு தூம்பை விட்டுவிட்டவர்கள்தான்.


மன்னார்குடி வாசகி

சகோதரரே, நாங்கள் 2016-இல் இதே போலக் கட்டினோம். எங்களுடையது 11 அடிக்கு 12 அடி. நன்மையும் உண்டு, நான் நினைத்துப் பார்க்காத இழப்பும் உண்டு. இழப்பை முதலில் சொல்கிறேன். நன்மையை எல்லாரும் சொல்வார்கள்.

இருபுறமும் பொதுச்சுவர் உள்ள வீட்டில் காற்றும் வெளிச்சமும் வருவது வாசலிலிருந்தும் கொல்லையிலிருந்தும்தான். கொல்லைப் பக்கம் 12 அடி அறை எழுந்ததும், எங்கள் கூடம் பகல் பதினொரு மணிக்கே விளக்குப் போடவேண்டிய இடமாகிவிட்டது. பழைய சமையலறை நடுவில் மாட்டிக்கொண்டது. சன்னல் இல்லை, ஈரம் காயவில்லை, அரிசியில் வண்டு. இப்போது அது பழைய பேப்பரும் சாக்கும் போடும் அறை. அதாவது 132 சதுர அடியைக் கூட்டிக் கட்டி, 70 சதுர அடியை இழந்தோம்.

இன்னொன்று நடை. புது அறை பெரிது என்ற மகிழ்ச்சியில் அடுப்பை ஒரு மூலையிலும் தொட்டியை எதிர் மூலையிலும் வைத்துவிட்டோம். கீரையைக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட எட்டடி நடந்துவந்து சட்டியில் போடுகிறேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று எண்ணியதில்லை, ஆனால் கால் எண்ணுகிறது. என் மாமியார் இன்றைக்கும் பழைய தாழ்வாரம் இருந்த இடத்துக்கு நேராக, வெளிச்சம் விழும் கதவோரமாக அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்துதான் காய் நறுக்குகிறார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது அந்த வெளிச்சமும் சாய்ந்துகொள்ள ஒரு சுவரும்தான். அதை நாங்கள் கேட்கவே இல்லை.

ஆகவே ஒரு யோசனை சொல்கிறேன். கொல்லையில் கோலப்பொடியால் புது அறையைக் கோடு போடுங்கள். அடுப்பு, தொட்டி, பெட்டி, கிரைண்டர் எல்லாவற்றுக்கும் கட்டம் போடுங்கள். உங்கள் மனைவியும் அம்மாவும் வெறுங்கையோடு அல்லாமல், குண்டானையும் குடத்தையும் தூக்கிக்கொண்டு நடந்து பார்க்கட்டும். மேடை உயரத்தையும் மேஸ்திரியின் வழக்கப்படி விட்டுவிடாதீர்கள். நின்று வேலை செய்பவரின் முழங்கைக்கு ஒரு சாண் கீழே மேடை இருந்தால் தோள் வலிக்காது. எங்கள் வீட்டில் அது 32 அங்குலம் என்று வந்தது.


நாகை நண்பர்

கடலோரத்தில் இருப்பவர்களுக்காகச் சுருக்கமாக ஒன்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்துக்கு அருகே கஜா புயல் கரையேறியபோது, எங்கள் கொல்லைச் சமையலறையின் தகரக்கூரை முழுவதும் பிய்த்துக்கொண்டு போனது. செலவைக் குறைக்கத் தகரம் போட்டதும், அதைக் கொக்கியால் மட்டும் மாட்டியதும் எங்கள் தவறு. பிறகு கான்கிரீட் போட்டோம். உப்புக்காற்று நேராகப் படும் இடத்தில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடாக்கு வேண்டும் என்பது விதி. ஆனால் பல இடங்களில் விரல் தடிமன்கூட விடுவதில்லை. கம்பி துருப்பிடித்து உப்பி, தளத்தின் அடியில் காரை பெயர்ந்து விழுகிறது. கலவைக்கு உப்புநீர்க் கிணற்றுத் தண்ணீரையும் விடக்கூடாது.


குடமுருட்டிக்கரை

இத்தனை அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் நன்றி. இரண்டு நாளில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

சோதனைக் குழி தோண்டினோம். சமையலறைச் சுவரின் கடைக்கால் இரண்டரை அடிதான் இறங்கியிருக்கிறது. செங்கல், சுண்ணாம்புக் கலவை. கீழே மூன்றடி வரைக்கும் வண்டல், அதற்குப் பிறகு கையில் உருட்டினால் திரி போல நீளும் களிமண். குழியில் மறுநாள் காலையில் அரை அடித் தண்ணீர் நின்றது.

சமையலறையில் இருப்பதையெல்லாம் எடுத்து வெளியே வைத்து, எது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்றும் அளந்தோம். வியப்பாக இருந்தது. அரிசி டிரம் இரண்டும், மாதம் ஒருமுறைகூட எடுக்காத பித்தளை அண்டா, தவலை, இட்லிக் கொப்பரை ஆகியவையும் சேர்ந்து தரையில் 14 சதுர அடியைப் பிடித்திருக்கின்றன.

வங்கியாளர் ஐயாவின் கேள்விக்குப் பதில்: வீடு இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. அப்பா ஆறு ஆண்டுக்கு முன் காலமானார். உயில் எழுதவில்லை. எனக்கு ஒரு தங்கை உண்டு, மயிலாடுதுறையில் இருக்கிறாள்.


ஓய்வுபெற்ற வங்கியாளர், கும்பகோணம்

அப்படியானால் செங்கல்லை இறக்குவதற்கு முன் செய்யவேண்டிய வேலை வேறு இருக்கிறது. அப்பா தம் பெயரில் கிரயம் வாங்கிய சொத்து, உயில் இல்லை என்றால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் உங்களுக்கும் தங்கைக்கும் சரிசமமாக மூன்றில் ஒரு பங்கு. இந்தப் பங்கு மகளுக்கு 1956-லிருந்தே உண்டு. 1989-இல் தமிழ்நாட்டிலும் 2005-இல் நாடு முழுவதும் வந்த திருத்தங்கள் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியவை. இந்த வீட்டுக்கு அவற்றைப் பார்க்கவேண்டியதில்லை. உங்கள் தங்கைக்குப் பங்குள்ள மனையில் நீங்கள் மட்டும் 4 லட்சம் செலவழித்தால், நாளைக்குப் பாகம் பேசும்போது அந்தச் செலவை யார் கணக்கில் எழுதுவது என்ற பேச்சு வரும். அண்ணன் தங்கை எவ்வளவு அன்பாக இருந்தாலும், அடுத்த தலைமுறை அப்படி இருக்கவேண்டும் என்று இல்லை.

கடனுக்கும் இதே தடைதான். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டாவை மூவர் பெயருக்கும் மாற்றி, மூவரும் கையெழுத்திட்டாலன்றி எந்த வங்கியும் வீட்டை அடமானமாக ஏற்காது. தங்கை தாமாக விரும்பித் தம் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தந்தால் அது வேறு. ஒரு சமையலறைக்காக அவரிடம் அதைக் கேட்பது முறை என்று எனக்குத் தோன்றவில்லை. நேரில் போய், என்ன கட்டப் போகிறோம், எவ்வளவு ஆகும் என்று சொல்லி, செலவு உங்களுடையது என்பதை மூவரும் ஒப்புக்கொண்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது போதும்.


திருவையாற்று மருமகள்

மேலே எல்லாரும் எழுதியதைப் படித்தேன். வட்டி, மண், கூரை, பட்டா எல்லாம் சரிதான். ஆனால் நாளுக்கு 165 ரூபாய் என்ற கணக்கில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. செலவுப் பக்கத்தை எழுதியவர்கள் வரவுப் பக்கத்தை எழுதவில்லை. அந்த 72 சதுர அடிக்குள் ஒரு பெண் காலையில் மூன்று மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் நிற்கிறார். சித்திரை, வைகாசியில் ஓட்டுக்கூரைக்குக் கீழே அடுப்பு எரியும்போது அந்த அறை எப்படி இருக்கும் என்பது நின்றவர்களுக்குத்தான் தெரியும். ஆண்டுக்கு 1,800 மணி நேரத்துக்கு மேல். வீட்டின் வேறு எந்த அறையிலும் யாரும் விழித்திருந்து இவ்வளவு நேரம் இருப்பதில்லை. 1998-இல் கூடத்துக்குத் தளம் போட்டபோது இது செலவுக்குத் தகுமா என்று யாராவது மூன்று மாதம் பேசினார்களா? சகோதரர் கேட்பது நல்ல மனத்தோடுதான் என்பது புரிகிறது. இருந்தாலும் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

எரிவாயுவைப் பற்றியும் யாரும் சொல்லவில்லை. இரண்டு சிலிண்டரும் உள்ளேயே இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படிந்து நிற்கும். மேலே விசிறி மட்டும் வைத்தால் போதாது, தரையை ஒட்டியும் காற்று போக வழி வேண்டும். எவ்வளவு கட்டினாலும் கட்டாவிட்டாலும், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று மட்டும் உள்ளே இருக்கட்டும். மற்றது காற்றோட்டமான வெளி இடத்துக்குப் போகட்டும். ரப்பர்க் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். அதன்மேல் ஆண்டு அச்சிட்டிருக்கும், இன்றைக்கே பாருங்கள்.


ஓய்வுபெற்ற வங்கியாளர், கும்பகோணம்

திருவையாற்று அம்மா சொல்வது நியாயம். வரவுப் பக்கத்தை நான் விட்டது குறைதான். 1,800 மணி நேரத்தால் வகுத்தால், என் கணக்கிலேயே மணிக்கு 33 ரூபாய்தான் ஆகிறது. கட்டவேண்டாம் என்பது என் கருத்தல்ல. கடனில்லாமல் முடியும் அளவுக்குத் திட்டத்தைச் சுருக்கமுடியுமா என்று பார்க்கவேண்டும் என்பதே என் கருத்து.


திருவாரூர்க் கட்டுநர்

குழியில் கண்டதை வைத்துச் சொல்கிறேன். மூன்றடிக்குக் கீழே களிமண், நீரும் ஏறுகிறது என்பதால், 120 சதுர அடிக் கான்கிரீட் அறைக்குக் கடைக்கால் செலவு மேஸ்திரி சொன்னதைவிடக் கூடும். சுருக்குவது என்றால் இப்படி யோசிக்கலாம்.

தாழ்வாரத்தை இடிக்கவேண்டாம். அது எத்தனை அடி அகலம்? ஆறடி இருக்கும் என்று நினைக்கிறேன். சமையலறைக்கு நேராக உள்ள பகுதியை மட்டும், ஓட்டுக்கூரையை அப்படியே வைத்துக்கொண்டு, தரையைச் சமையலறை மட்டத்துக்கு உயர்த்தி, வெளிப்பக்கம் இடுப்பளவு சுவரும் மேலே கம்பிச் சன்னலுமாக அடைத்துவிடலாம். ஓட்டின் எடை குறைவு என்பதால் பழைய தூண்களே தாங்கும். புதுத் தளம் இல்லாததால் சேரும் இடத்தில் ஒழுகலும் இல்லை, வெடிப்பும் இல்லை. இடையிடையே நான்கு கண்ணாடி ஓடு செருகினால் பகலில் விளக்கு வேண்டாம். படியும் இல்லாமல் போகும்.

கவனிக்கவேண்டிய இடம் நடுச்சுவர். அதைத் திறந்து இரண்டையும் ஒன்றாக்க ஆசை வரும். ஆனால் சமையலறைக் கூரையின் கைமரங்கள் அந்தச் சுவரில்தான் அமர்ந்திருக்கின்றன. இருக்கும் கதவையும் சன்னலையும் சேர்த்து ஐந்தடித் திறப்பாக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதலில் கூரைக்கு இருபுறமும் முட்டுக் கொடுத்து, பிறகு சுவரை உடைத்து, லிண்டலை (திறப்பின் மேல் சுமை தாங்கும் கான்கிரீட் உத்தரம்) இருபக்கமும் 9 அங்குலமாவது சுவர்மேல் அமரவைத்து, பதினான்கு நாள் கழித்து முட்டுகளை எடுக்கவேண்டும். மூன்றாம் நாளே எடுத்துவிடலாம் என்று மேஸ்திரி சொன்னால் இணங்காதீர்கள். புதுக் கான்கிரீட்டுக்கு நீராற்றுவதையும் பத்து நாளுக்குக் குறைக்காதீர்கள்.

தொட்டியைப் புதுப்பகுதிக்குக் கொண்டுவந்தால் கழிவுநீர் எங்கே போகும் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். நம் ஊர் நிலம் தட்டையானது. நாலங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓரடி இறக்கம் கொடுப்பது நல்லது. வீட்டின் நீளம் முழுவதும் தெருச் சாக்கடைக்குக் கொண்டுபோக நினைத்தால் அந்த இறக்கம் கிடைக்காது. கொல்லையில் வாழைக்கு விடுவதுதான் சுலபம். கிணற்றிலிருந்து தள்ளி விடுங்கள்.

அனுமதி பற்றி ஒரு சொல். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு இணையவழியில் சுயசான்று கொடுத்து அனுமதி பெறும் முறை 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் வந்துவிட்டது. பழைய வீட்டில் நீங்கள் செய்யும் மாற்றத்துக்கு என்ன தேவை என்று ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பொதுச்சுவரில் ஒரு ஆணி அடிப்பதாக இருந்தாலும் அண்டை வீட்டாரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.


குடமுருட்டிக்கரை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

தாழ்வாரம் சரியாக ஆறடி அகலம்தான். தங்கை ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டோம்; செலவு என்னுடையது, பங்கு மூவருக்கும் உரியது என்று எழுதி மூவரும் கையெழுத்திட்டோம். கையெழுத்துப் போட்ட பிறகு கோலப்பொடி டப்பாவை எடுத்தவள் அவள்தான்.

முதலில் 10 அடிக்கு 12 அடியைக் கொல்லையில் கோடு போட்டோம். என் மனைவி நிரம்பிய குடத்தோடு நான்கு முறை நடந்துவிட்டு, இவ்வளவு இடம் வேண்டாம் என்றாள். பிறகு தாழ்வாரத்திலேயே 11 அடி நீளத்துக்குக் கோடு போட்டோம். கிரைண்டருக்கு 27 அங்குல உயரத்தில் ஒரு தாழ்ந்த மேடை, அதன் பக்கத்தில் குளிர்சாதனப் பெட்டி, கொல்லையைப் பார்த்தபடி தொட்டி. அடுப்பு இருக்கும் இடத்திலேயே இருக்கும்; திரும்பினால் மூன்று எட்டில் தொட்டி. தாழ்வாரத்தின் மீதி ஏழடி திறந்தே கிடக்கும். கூடத்துக்கு வெளிச்சம் அந்த வழியாக வரும். அந்தத் திறந்த பகுதியின் ஓரத்தில் அம்மா ஒரு மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு, முதுகு சாய இங்கே ஒரு அடிச் சுவர் விடுங்கள் என்று மட்டும் சொன்னார்கள். மன்னார்குடிச் சகோதரி சொல்லியிராவிட்டால் நாங்கள் கேட்டிருக்கமாட்டோம்.

66 சதுர அடிக்கு, கிரானைட், குழாய், மின்வேலை, கண்ணாடி ஓடு, லிண்டல் எல்லாம் சேர்த்து, மேஸ்திரி 1,65,000 ரூபாய் சொல்லியிருக்கிறார். கடன் இல்லை. வைப்புநிதியில் 35,000 ரூபாய் மிச்சம் இருக்கும்; கடைக்காலிலோ கூரையிலோ எதிர்பாராத வேலை வந்தால் அதற்கு. பித்தளைப் பாத்திரங்கள் பரணுக்குப் போய்விட்டன. இரண்டாவது சிலிண்டர் கொல்லைப் பக்கம் வெளியே கூண்டுக்குள் இருக்கிறது. ரப்பர்க் குழாயில் 2017 என்று அச்சிட்டிருந்தது, அன்றைக்கே மாற்றிவிட்டோம்.

பொங்கல் கழித்து, அறுவடை முடிந்து ஆள் கிடைக்கும்போது வேலை தொடங்கும். நேற்று இரவு நல்ல மழை. விடியற்காலையில் தாழ்வாரத்து ஓட்டிலிருந்து நீர் விழும் கோட்டைப் பார்த்து, கொல்லை மண்ணில் செங்கல் துண்டுகளை வரிசையாக வைத்தேன். தூணிலிருந்து 16 அங்குலத்தில் ஒரே சீராக விழுகிறது. கிணற்றடி மூலையில் மட்டும் ஓர் ஓடு நகர்ந்திருப்பதால் தூணின் மேலேயே வழிகிறது. வெளிச்சுவரைத் தூணுக்கு உள்ளடங்கலாகக் கட்டினால் சாரல் படாது என்று நினைக்கிறேன். கட்டுநர் ஐயா இதைச் சரி என்று சொன்னால் மேஸ்திரிக்கு அந்தக் கோட்டைக் காட்டிவிடுவேன்.


திருவாரூர்க் கட்டுநர்

சரிதான். உள்ளடங்கலாகவே கட்டுங்கள். அந்த மூலைத்தூணின் அடியைக் கடப்பாரை முனையால் குத்திப் பாருங்கள். மரத்தூணாக இருந்து அடி இற்றுப்போயிருந்தால், அதற்கு மட்டும் இரண்டடிக்குக் கருங்கல் வைத்து மாற்றிவிட்டு, அதன் பிறகு தரையை உயர்த்துங்கள். உயர்த்திய பிறகு அந்த இடத்தைத் தொடமுடியாது.